சிவப்பு வரும்வரை

சகாயத்தின் முன்பல் உடைந்ததை ஜெயசீலி பார்த்தது அலுவலகத்துத் திரையில்.

காலை பதினொன்று பத்து. அன்றைக்கு அவள் சரிபார்க்க வேண்டியிருந்த நாற்பத்து மூன்றாவது வீடியோ அது. சுவரில் ஒரு நீலத் துணி தொங்குகிறது. அதன் முன்னால் ஒருத்தனை நாலு பேர் பிடித்திருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் கையில் கிரிக்கெட் மட்டை. மட்டை வாயில் இறங்குகிறது. 'செந்தேரிவிளையில் பிள்ளை பிடிக்கிறவன் சிக்கினான், எல்லாருக்கும் அனுப்பவும்' என்று கீழே எழுத்து. இந்த மாதிரிக் கண்றாவியை ஒரு நாளைக்குப் பத்தாவது பார்க்கிறவள்தான் ஜெயசீலி. பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போய் நாலு வருஷமாகிறது. ஆனால் அடிவாங்கினவன் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டையைப் பார்த்ததும் கையிலிருந்த டீ மேஜையெல்லாம் கொட்டியது. கிறிஸ்துமஸுக்குத் தம்பிக்கு அவளே எடுத்துக் கொடுத்த சட்டை அது.

"ஐயோ, இது எந்தம்பில்லா!" என்று கத்திவிட்டு, சிவப்புப் பொத்தானை மூணு தடவை ஓங்கிக் குத்தினாள்.

அந்தப் பொத்தான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வதந்தியை நம்பி ஊருக்கு ஊர் ஆட்களை அடித்துக் கொன்ற அந்தக் கெட்ட காலம் முடிந்த கையோடு 'தெளிவு' என்று ஒரு கம்பெனி முளைத்தது. ஜனங்கள் அரண்டு கிடந்த நேரம். விற்க வேறு நேரம் வேண்டுமா? போனுக்கு வருகிற எந்தச் செய்திக்கும், படத்துக்கும் ஓரத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள். பச்சை என்றால் மெய். சிவப்பு என்றால் பொய். மஞ்சள் என்றால் இன்னும் சோதனையில் இருக்கிறது. எல்லாப் போனிலும் தெளிவு இருந்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பொட்டு வைக்கிற வேலைக்குத் தூத்துக்குடி புறவழிச்சாலையில் மூணு மாடிக் கட்டடம், எண்பது பேர். அதில் ஒருத்திதான் ஜெயசீலி.

அவள் தம்பி சகாயம் பள்ளிக்கூடங்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கிறவன். வெளிச்சம் நன்றாக விழுகிற சுவராகப் பார்த்து நீலத் துணியைக் கட்டுவான். தன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனே வகிடு எடுத்துவிடுவான். மூக்கு ஒழுகினால் துடைத்தும் விடுவான். எடுக்க எடுக்கப் படத்தைப் போனுக்கு மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவான். அன்றைக்குச் செந்தேரிவிளை ஆரம்பப் பள்ளிக்குப் போயிருந்தான். உள்ளே வெளிச்சம் பத்தவில்லை என்று மதிலுக்கு வெளியே ரோட்டோரமாகத் துணியைக் கட்டினான். ரோட்டில் போன ஒரு பொம்பளை பார்க்கிறாள், யாரோ ஒரு அசலூர்க்காரன் ஒரு சின்னப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் படம் எடுத்து அனுப்பினாள். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. சகாயத்தின் போனைப் பிடுங்கித் திறந்தால் நானூறு பிள்ளைகளின் முகம். தடுக்க ஓடிவந்த டீச்சர் வேலைக்குச் சேர்ந்தே இரண்டு மாசந்தான் ஆகியிருந்தது. அவளும் அசலூர்க்காரி, அவளும் கூட்டு என்று பிடித்துத் தள்ளி, பிள்ளைகளோடு சேர்த்து வகுப்பறையில் பூட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அப்போது ஜெயசீலிக்குத் தெரிந்ததெல்லாம், தான் சிவப்பைக் குத்தியும் திரையில் மஞ்சள் அசையவில்லை என்பதுதான். 'உங்கள் முடிவு பதிவானது. செந்தேரிவிளையில் வெளியாகும் நேரம்: மதியம் 3.10' என்று காட்டியது.

ஏனென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சந்தா கட்டுகிற ஊருக்குப் பொட்டு அரை நிமிஷத்தில் மாறும். கட்டாத ஊருக்கு நாலு மணி நேரம் மஞ்சளிலேயே கிடக்கும். செந்தேரிவிளை இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டிய ஊர், போன வாரந்தான் ஊராட்சியில் நிறுத்தியிருந்தார்கள். அது மட்டுமா? நிறுத்தின ஊருக்கெல்லாம் ஒன்பதாம் நாள் காலையில் கம்பெனி ஒரு எச்சரிக்கை அனுப்பும். 'உங்கள் ஊரைப் பற்றிய 14 ஆபத்துச் செய்திகள் சரிபார்க்கப்படாமல் காத்திருக்கின்றன. உங்கள் பிள்ளை இப்போது எங்கே?' இன்றைக்குத்தான் ஒன்பதாம் நாள். பதினான்கு என்பது சும்மா. எல்லா ஊருக்கும் பதினான்குதான்.

அந்தக் கடைசி வரியை எழுதியது யார் என்கிறீர்கள்? ஜெயசீலிதான். அதுக்காக 'ஆண்டின் சிறந்த வாசகம்' என்று கண்ணாடியில் ஒரு கோப்பை கொடுத்திருந்தார்கள். சாணளவு உயரம், நல்ல கனம். மேஜையில் வைத்து தினமும் துடைப்பாள்.

தம்பியின் எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது வேறு குரல்.

"யாரும்மா நீங்க? இவன் கூட்டத்து ஆளா?"

"அண்ணாச்சி, அவன் என் தம்பி அண்ணாச்சி! பிள்ளை பிடிக்கவன் இல்ல. ஸ்கூலு கார்டுக்குப் படம் எடுக்க வந்தவன். உங்க காலைப் பிடிக்கேன், அடிக்காதிய!"

"எம் பேரு லிங்கதுரை. எம் மவ தலையைத்தான் அவன் பிடிச்சிக்கிட்டு நின்னான். அஞ்சு வயசு. காலையில போன்ல வந்துச்சு, உங்க பிள்ளை எங்கன்னு. எனக்கு அப்பவே ஈரக்குலை நடுங்கிட்டு. ஓடியாந்து பாத்தா இவன் நிக்கான்."

பின்னால் சகாயம் முனகுகிற சத்தமும், "இன்னும் என்னல பேச்சு, போடுல அவனை" என்று யாரோ கத்துவதும் கேட்டது.

"அண்ணாச்சி, அது பொய்ச் செய்தி. சத்தியமாச் சொல்லுதேன்."

"பொய்யின்னா செவப்பு வந்திருக்கும்லா?" லிங்கதுரை கத்தவில்லை, நியாயம் கேட்கிறவன் குரலில்தான் கேட்டான். "ரெண்டு வருசமாப் பாக்கோம். பொய்யின்னா வந்த நிமிசத்துல செவப்பு விழுந்துரும். இது வந்து இருவது நிமிசமாச்சி. இன்னும் செவப்பு விழலயே?"

அங்கேதான் அந்த ஊர் ஜனம் ஏமாந்து நின்றது. சந்தா நின்றுபோனதைப் பாதிப் பேருக்கு யாரும் சொல்லவில்லை. கேள்விப்பட்டவர்களுக்கும் மஞ்சள் என்றால் என்னவென்று புரியவில்லை. மஞ்சளைப் பார்த்தே பழகாத ஊர். சிவப்பு இல்லாததெல்லாம் அவர்களுக்கு மெய்.

"அந்தச் செவப்பைப் போடுத ஆளே நாந்தான் அண்ணாச்சி! தெளிவு ஆபீஸ்ல இருந்துதான் பேசுதேன்!"

"பொறுங்கல" என்று லிங்கதுரை கூட்டத்தை அதட்டினான்.

"அப்பப் போடும்மா. ஒருத்தனை அநியாயமாக் கொல்லணும்னு எங்களுக்கு என்ன நேர்ச்சையா? செவப்பு விழட்டும், நானே தண்ணி குடுத்து அனுப்புதேன். அஞ்சு நிமிசம் பிடிச்சு வைக்கேன். அதுக்கு மேல என் சொல்லு இங்க நிக்காது."

ஜெயசீலி இணைப்பைத் துண்டிக்காமல் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மேஜை ஐரினிடம், "போலீஸுக்கு அடிடீ, செந்தேரிவிளை ஸ்கூலுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, மறு கை எதைப் பிடித்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் மேலாளர் அறைக்கு ஓடினாள். அந்தக் கண்ணாடிக் கோப்பையைத்தான் அது பிடித்திருந்தது.

வட்டார மேலாளர் நவநீதன் சென்னையிலிருந்து வந்தவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். பயிற்சி வகுப்பில் அவர் சொன்னதை எண்பது பேரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: "பச்சையும் சிவப்பும் நம்ம சரக்கு. மஞ்சள்தான் நம்ம விளம்பரம்."

"சார், செந்தேரிவிளையைத் திறந்துவிடுங்க. உங்க கட்டைவிரலை வச்சாப் போதும். என் தம்பியைக் கொல்லுதாங்க."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது, இல்லையென்று சொல்லக்கூடாது. "உட்காருங்க ஜெயசீலி. போலீஸுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. ஸ்டேஷன்ல இருந்து இருபத்தாறு கிலோமீட்டர் சார். எனக்கு இருக்கது நாலு நிமிஷம்."

"மேலிடத்துக்கு இப்பவே எழுதறேன். என் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. நிறுத்தின ஊருக்குச் சும்மா சிவப்பு காட்டினா, நாளைக்கு எந்த ஊர் சந்தா கட்டும்? இல்லேன்னா ஊராட்சித் தலைவரைப் புதுப்பிக்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷத்துல திறந்துடும்."

"தலைவரும் கூட்டத்துலதான் நிக்காரோ என்னவோ! சார், விரலை வைங்க சார்."

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா ஒரு நடைமுறைன்னு..."

அதற்கு மேல் அவர் பேச்சு போகவில்லை. கோப்பை அவர் காதோரம் இறங்கியது. அப்படியொரு அடியைத் தன் கை அடிக்கும் என்று ஜெயசீலி கனவிலும் நினைத்ததில்லை. அவர் நாற்காலியோடு சாய்ந்தார். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் ஓடியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். அவள் இன்னொன்று போட்டாள், இந்தத் தடவை புருவத்தில். கண்ணாடி இரண்டாக உடைந்து அவள் உள்ளங்கையையும் கிழித்தது.

"வைடா! விரலை வைடா, செத்த மூதி! எந்தம்பி செத்தான்னா உன்னை இங்கனயே கொன்னுருவேன்!"

அவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சின்னப் பிள்ளை செய்கிற வேலை. அவள் அந்தக் கையை முறுக்கி வெளியே இழுத்தாள். விரல் ரத்தத்தில் வழுக்கியது. முதல் தடவை மேஜையிலிருந்த ரேகைப் பலகை ஏற்கவில்லை. தன் சேலைத் தலைப்பால் அவர் கட்டைவிரலைத் துடைத்து மறுபடியும் அழுத்தினாள். 'செந்தேரிவிளை திறக்கப்பட்டது' என்று வந்தது.

கதவுக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. பாதிக் கைகளில் போன் உயர்ந்திருந்தது.

ஜெயசீலி மூச்சு வாங்க வாங்கத் மேஜையில் போட்டிருந்த தன் போனில் ஒலிபெருக்கியைத் தட்டினாள்.

"அண்ணாச்சி! பாருங்க, அண்ணாச்சி!"

"செவப்பு!" லிங்கதுரை சத்தம் உடைந்து வந்தது. "எல, செவப்பு விழுந்துட்டு! விடுங்கல அவனை! மட்டையைக் கீழ போடுல! பொய்யாம்ல, பொய்யி! ஐயோ, தண்ணி கொண்டாங்க யாராவது!"

கூட்டத்தின் இரைச்சல் இறங்கியது. நிஜமாகவே இறங்கியது. ஒரு குடம் வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு பொம்பளை, "பாவி மக்கா, இப்படியா அடிச்சிய" என்று அழுதாள். லிங்கதுரை போனைச் சகாயத்தின் வாயருகே பிடித்திருக்க வேண்டும்.

"அக்கா..." பல் போன வாயில் சொல் நசுங்கி வந்தது. "கேமராவை உடைச்சிட்டாவ, அக்கா. இன்னும் பன்னெண்டு பிள்ளை பாக்கி."

"எலே, அது கெடக்கட்டும்ல! நீ உசுரோட இருக்கியே, அது போதும். அசையாம இரு, போலீஸ் வருது. நானும் இந்தா வாரேன்." அவள் அழுதாள், சிரித்தாள். நவநீதன் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தார். "மன்னிச்சிருங்க சார்" என்று அவரிடமும் சொன்னாள். அந்த நேரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

மூணு நிமிஷம். சகாயத்துக்குத் தண்ணீர் கொடுக்க, முகம் துடைக்க, மூணு நிமிஷம் கிடைத்தது.

அப்புறம் செந்தேரிவிளையில் எல்லாப் போனும் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தது அவளுக்கே கேட்டது.

கதவுக்கு வெளியே நின்ற நாற்பது பேரில் யாரோ அனுப்பிவிட்டிருந்தான். ஒரு பொம்பளை தெளிவு மேலாளரைக் கண்ணாடியால் அடிக்கிறாள், அவர் விரலை முறுக்கிப் பலகையில் வைக்கிறாள், 'எந்தம்பி' என்று கத்துகிறாள். மொத்தம் இருபது விநாடி. கீழே எழுத்து: 'பிள்ளை பிடிக்கிறவனின் அக்கா சிவப்பை அடித்து வாங்கினாள்.'

மஞ்சளில் கிடந்திருந்தால் நாலு மணி நேரம் கிடந்திருக்கும். ஆனால் ஊரைத்தான் அவள் திறந்துவிட்டாளே! அந்த வீடியோ கோயம்புத்தூர்க் கிளையில் யாரோ ஒரு பெண்ணின் வரிசைக்குப் போனது. அவள் பார்த்தாள். வெட்டி ஒட்டினதில்லை, போலியில்லை, இடமும் நேரமும் சரி. தன் வேலையைச் சரியாகச் செய்தாள். அரை நிமிஷத்தில் பச்சைப் பொட்டு வைத்தாள்.

மெய்தானே? அதில் யார் குற்றம் சொல்ல முடியும்?

"ஏம்மா." லிங்கதுரை குரல் மாறிவிட்டிருந்தது. "இந்தச் செவப்பை நீ அடிச்சா வாங்குன?"

"அண்ணாச்சி, நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க. அவங்க அதை வச்சிக்கிட்டே குடுக்கல. நான் முதல்லயே..."

"அடிச்சியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாமலா போயிற்று? இல்லையென்று சொல்லியிருந்தால்கூட அங்கே பச்சை இருந்தது.

"அடிச்சேன்" என்றாள்.

லிங்கதுரை போனைக் கீழே வைத்தானோ, போட்டானோ, மண்ணில் விழுந்த சத்தம் வந்தது. "ஏமாத்திட்டாளுவல!" என்று ஒருத்தன் ஊளையிட்டான். முதலில் அடித்ததைவிட இரண்டு மடங்கு ஆத்திரம் இப்போது. ஒருமுறை நம்பி விட்டுக்கொடுத்த ஆத்திரம். மட்டை, செருப்பு, பிறகு தண்ணீர் கொண்டுவந்த அந்தக் குடம். சகாயம் இரண்டு தடவை "அக்கா" என்றான். மூன்றாவது அவன் சொன்னது சொல்லாக வரவில்லை. மதில் மேல் பெயர்ந்து கிடந்த கல் ஒன்றை யாரோ தூக்கினார்கள் என்று பிறகு போலீஸ் எழுதியது. ஜெயசீலிக்குக் கேட்டது கல்லென்று அப்போது தெரியாது. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நிறுத்துங்கல, நிறுத்துங்கல" என்று கத்திக்கொண்டே இருந்தாள். மண்ணில் கிடந்த போன் எல்லாவற்றையும் அவளுக்குக் கேட்க வைத்தது.

போலீஸ் வண்டி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அங்கே போய்ச் சேர்ந்தது. இங்கேயும் ஒரு வண்டி அதே நேரத்துக்கு வந்தது, அவளைக் கூட்டிப்போக.

அன்றைக்குச் சாயங்காலமே செந்தேரிவிளை சந்தாவைப் புதுப்பித்துவிட்டது. அந்த மாசத்துக்குள் மாவட்டத்தில் பாக்கியிருந்த ஊரெல்லாம் கட்டின. நவநீதனுக்கு ஏழு தையல். அவர் தொலைக்காட்சியில் தலையில் கட்டோடு உட்கார்ந்து, "சரிபார்ப்பவர்களையே மிரட்டுகிற காலம் வந்துவிட்டது, மக்கள் விழிப்பாக இருக்க வேண்டும்" என்று தன் வழக்கமான தணிந்த குரலில் சொன்னார். மிரட்டி வாங்க முடியாத சிவப்பு என்று கம்பெனி 'இரட்டைப் பூட்டு' ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு மேலாளர், இரண்டு கட்டைவிரல். சந்தாவும் இரட்டிப்பு. அடிபிடி போட்டு வாங்கினார்கள் ஜனங்கள். பயப்படுகிறவனிடம் விற்பதற்கு எப்போதும் ஒரு சாமான் மிச்சமிருக்கும், போங்கள்.

ஐந்து மாசம் கழித்து ஒரு புதன்கிழமை. சகாயத்தைக் கொன்ற வழக்கு, நவநீதனை அடித்த வழக்கு, இரண்டுக்கும் ஒரே கட்டடம், ஒரே வாய்தா நாள். ஜாமீனில் வந்த ஜெயசீலி நீதிமன்ற வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கைத் தழும்பு இன்னும் இழுத்துப் பிடித்தது. எதிரே போலீஸ்காரர்களுக்கு நடுவே பதினொரு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். லிங்கதுரை எவன் என்று அவளுக்கு முகம் தெரியாது. குரலைக் கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் யாரும் பேசவில்லை.

ஒரு சின்னப் பெண் தன் அம்மா கையை உதறிவிட்டு வந்து, பெஞ்சின் மறு ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடச் சீருடை. கழுத்தில் நாடா, நாடாவில் அடையாள அட்டை. காலை ஆட்டிக்கொண்டே ஜெயசீலியைப் பார்த்தாள்.

"எங்கப்பா அங்க நிக்காவ" என்றாள், அந்த வரிசையைக் காட்டி. "இன்னைக்கு வீட்டுக்கு விட்டுருவாவளாம்."

ஜெயசீலி அந்த அட்டையைப் பார்த்தாள். நீலத் துணி. எண்ணெய் தடவி, கோடு கிழித்தாற்போல் நேராக எடுத்த வகிடு. அந்த வகிட்டை அவளுக்குத் தெரியாதா? உதட்டை இறுக்கி மூடி, சிரிப்பை அடக்க முடியாமல் கன்னம் உப்பி நிற்கிறது முகம்.

"இந்தப் படம் யாரும்மா எடுத்தது?"

"ஒரு மாமா. அவரே தலை சீவி விட்டாவ. சிரிக்கக்கூடாதுன்னாவ. சொல்லிட்டு அவரே சிரிச்சாவ, அதான் எனக்குச் சிரிப்பு வந்துட்டு." பிள்ளை அட்டையைத் திருப்பினாள். "பின்னால எழுதியிருக்கது வாசிக்கட்டா? நான் ஒண்ணாப்பு போயிட்டேன், எனக்கு வாசிக்கத் தெரியும்."

பின்பக்கத்தில் தெளிவு கம்பெனியின் மூணு பொட்டு. அட்டையெல்லாம் அவர்கள் இனாமாக அடித்துக் கொடுத்தது. பொட்டுகளுக்குக் கீழே ஒரு வரி. பிள்ளை விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள்.

"உங்-கள் பிள்-ளை... இப்-போ-து... எங்-கே?"

வாசித்து முடித்த பெருமையில் நிமிர்ந்தாள். எதிர் வரிசையில் ஒரு தலை மட்டும் திரும்பியது, மகளைப் பார்க்க.

"கேள்வி மாதிரில்லா இருக்கு. இதை யாரு எழுதுனது?"

"நாந்தாம்மா" என்றாள் ஜெயசீலி.